புன்னட் கட்டமும் பத்துப் பொருத்தமும்

இளங்கலை விலங்கியல் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு மரபியல் தாளை நான் நடத்தத் தொடங்கிப் பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில், கரும்பலகையில் மெண்டலின் பெயரை எழுதுவதற்கு முன்பாக, ஆளுக்கொரு துண்டுத்தாளைக் கொடுத்து, பெயர் எழுத வேண்டாம், மரபணுப் பரிசோதனை என்றதும் மனத்தில் தோன்றுவதை மட்டும் எழுதுங்கள் என்று சொல்வது என் வழக்கம். வரும் பதில்கள் பெரிதாக மாறுவதில்லை. குழந்தையின் அப்பா யார் என்று கண்டுபிடிக்கும் சோதனை என்பதுதான் எப்போதும் முதலிடம். விபத்தில் அடையாளம் தெரியாமல் போன உடல், நீதிமன்றம், தொலைக்காட்சித் தொடரில் வில்லி பரிசோதனை முடிவு இருக்கும் உறையை மாற்றி வைக்கும் காட்சி ஆகியவை அடுத்தடுத்து வரும். நோய் என்ற சொல் இடம்பெற்ற தாள்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். இத்தனைக்கும் இவர்கள் தாலசீமியா, ஹீமோஃபிலியா, கதிர் அரிவாள் ரத்தசோகை ஆகிய மூன்று பரம்பரை ரத்த நோய்களையும் பன்னிரண்டாம் வகுப்பிலேயே படித்து, படம் வரைந்து, பாகம் குறித்து, மதிப்பெண் குறையாமல் வந்தவர்கள்.

படித்ததற்கும் நம்புவதற்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளியைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். மாணவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று குறைபட்டுக்கொள்வது என் நோக்கமில்லை. அப்படிக் குறைபட்டுக்கொள்ளும் தகுதி எனக்கு எவ்வளவு இருக்கிறது என்பதைக் கடைசியில் நானே சொல்லிவிடுகிறேன்.

முதல் முட்டுக்கட்டை நாம் புழங்கும் சொற்களிலேயே இருக்கிறது. பெற்றோரிடமிருந்து வரும் இரு ஜீன் நகல்களில் ஒன்று இருந்தாலே வெளிப்படும் பண்பை ஓங்கு பண்பு என்றும், இரண்டும் இருந்தால்தான் வெளிப்படும் பண்பை ஒடுங்கு பண்பு என்றும் சொன்னதும், ஓங்கியது ஊரெல்லாம் பரவும், ஒடுங்கியது மெல்ல ஒழிந்துபோகும் என்று மாணவர் மனம் தானாகவே முடிவு கட்டிக்கொள்கிறது. “ஆறு விரல் ஓங்கு பண்புன்னா ஏன் மேடம் எல்லாருக்கும் ஆறு விரல் இல்ல?” என்று யாராவது ஒருவர் கேட்காமல் அந்த வாரம் கழிந்ததில்லை. கேட்பவரை மற்றவர்கள் கேலி செய்வார்கள். எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கும், ஏனென்றால் 1908-இல் லண்டனில் மரபியலாளர் புன்னட் உரையாற்றிய கூட்டத்தில் புள்ளியியலாளர் உட்னி யூல் எழுப்பிய ஐயமும் ஏறத்தாழ இதுவே. குட்டை விரல் ஓங்கு பண்பு என்றால் நாளடைவில் நால்வரில் மூவருக்குக் குட்டை விரல் இருக்க வேண்டாமா என்பது அதன் சாரம். சரியான விடை சொல்ல முடியாத புன்னட், தம்மோடு கிரிக்கெட் ஆடும் நண்பரான கணித அறிஞர் ஹார்டியிடம் போய்க் கேட்டார். பெருக்கல் வாய்ப்பாட்டு அளவிலான கணக்கு என்று ஹார்டியே குறிப்பிட்ட சில வரிகளில், வேறு எதுவும் குறுக்கிடாத வரையில் ஓங்கு பண்பு தலைமுறைதோறும் இருந்த அளவிலேயே இருக்கும் என்பது நிறுவப்பட்டது. அதே ஆண்டில் ஜெர்மனியில் வைன்பெர்க் என்னும் மருத்துவரும் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்ததால் இருவர் பெயரிலும் அந்த விதி வழங்குகிறது. நம் ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஹார்டிதான் இவர் என்று சொன்னால், அதுவரை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். விதியின் பெயர் நினைவில் நின்றுவிடும். ஆனால் அடுத்த வாரம் ஒரு நோய் ஓங்கு பண்பு என்றால் என்ன பொருள் என்று கேட்டால், “ரொம்பப் பேருக்கு வரும்” என்ற பழைய பதிலே மீண்டும் வரும்.

இவற்றைவிட என்னை அதிகம் தொந்தரவு செய்யும் சொல் ‘கடத்தி’. மின்சாரத்தைக் கடத்தும் கம்பிக்கு அது பொருத்தமான சொல்தான். ஆனால் நாளிதழில் கடத்தல் என்றால் மணல் கடத்தல், தங்கம் கடத்தல், ஆள் கடத்தல். ‘நோய் கடத்தி’ என்று நான் சொன்னதும் பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழும். சிரிப்பு அடங்கியபின் மனத்தில் தங்குவது, கடத்தி என்பவர் ஏதோ தவறு செய்தவர், அல்லது பாதி நோயாளி என்னும் எண்ணம். உண்மையில் பீட்டா தாலசீமியாவின் கடத்தி என்பவர், ஹீமோகுளோபின் செய்யும் ஒரு ஜீனின் இரு நகல்களில் ஒன்று பழுதாகவும் மற்றொன்று நன்றாகவும் இருக்க, பெரும்பாலும் தன் நிலை தெரியாமலேயே பரீட்சை எழுதி, பஸ்ஸில் தொங்கி, கல்யாணம் செய்து, பேரன் பேத்தி பார்த்துவிட்டுப் போகக்கூடியவர். ரத்தப் பரிசோதனையில் சிவப்பணுக்கள் வழக்கத்தைவிடச் சிறியவையாகத் தெரியும். ஹீமோகுளோபின் ஏ2 என்னும் வகை 3.5 சதவீதத்துக்கு மேல் இருக்கும். அவ்வளவுதான். சிறிய சிவப்பணுக்களைப் பார்த்து இரும்புச்சத்துக் குறைவு என்று எண்ணி, ஆண்டுக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்கிய கடத்திகளும் உண்டு.

அந்தப் பாடத்தை நடத்திய ஒரு நாளில் கிடைத்த பதிலை என்னால் மறக்க முடியாது. கடத்தியாக இருக்கும் பெண்ணுக்கு எப்படிப்பட்ட மாப்பிள்ளை என்றால் கவலை இல்லை என்று வகுப்பைக் கேட்டேன். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் பையன் எழுந்து, சிறிதும் தயங்காமல், “அவரும் கடத்தியா இருக்கணும் மேடம்” என்றான். பலர் தலையாட்டினார்கள். சற்று நேரம் எனக்கு விளங்கவே இல்லை. இதே பையன் முந்தின வாரம் பெற்றோரின் ஜீன்கள் பிள்ளைகளிடம் எப்படியெல்லாம் சேரலாம் என்று எழுத்துகளால் காட்டும் புன்னட் கட்டத்தை, இரண்டு கடத்திகளுக்குப் பிழையின்றி வரைந்து, நான்கில் ஒரு குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு என்று எழுதிக் கொடுத்திருந்தான். பிறகுதான் பொறி தட்டியது. செவ்வாய் தோஷம் உள்ள பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம் உள்ள மாப்பிள்ளையைத்தானே தேடுவார்கள்? தோஷத்துக்குத் தோஷம் சரியாகப் போய்விடும் என்ற அந்த வீட்டுக் கணக்கு, கல்யாணம் என்ற சொல் காதில் விழுந்ததுமே முன்னே வந்து நின்றுவிட்டது. கட்டத்தில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் இருந்த வரையில் அவனுக்குக் கணக்கு தெரிந்தது. அதே கட்டத்துக்கு மாப்பிள்ளை, பெண் என்று பெயர் வைத்தபோது அவன் வேறொரு கட்டத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டான். ஜாதகத்திலும் கட்டங்கள்தானே இருக்கின்றன.

நான்கில் ஒன்று என்பதும் இப்படித்தான் வீட்டுக்குள் போனதும் உருமாறுகிறது. முதல் குழந்தைக்கு நோய் வந்துவிட்டால் அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று நினைப்பவர்களின் எண்ணிக்கை ஒவ்வோர் ஆண்டும் என்னைத் திடுக்கிட வைக்கும். இதற்காக நான் ஒரு ரூபாய் நாணயங்களைக் கொண்டுபோய், இருவர் இருவராக உட்கார வைத்து, ஒருவர் அப்பா, ஒருவர் அம்மா என்று சுண்டச் சொல்வேன். இரண்டும் பூவாக விழுந்தால் நோயுள்ள குழந்தை. நான்கு முறை சுண்டினால் ஒரு குடும்பம். சில குடும்பங்களில் ஒரு குழந்தைக்கும் நோய் இருக்காது. சில குடும்பங்களில் அடுத்தடுத்து இரண்டு, மூன்று. ஒருமுறை நான்கும் பூவாக விழுந்தபோது அந்தப் பெண் நாணயத்தைக் கீழே வைத்துவிட்டு, “இவங்க என்ன மேடம் செய்வாங்க?” என்று கேட்டாள். வகுப்பில் ஓசை அடங்கியது. மரபியல் நடத்தியதில் எனக்கு நிறைவு தந்த மிகச் சில மணித்துளிகளில் அது ஒன்று.

இவ்வளவும் அறிவைப் பற்றியது. பரிசோதனை வேண்டுமா வேண்டாமா என்ற கருத்துக்கு வரும்போது விஷயம் இன்னும் சிக்கலாகிறது. மரபணுப் பரிசோதனை நல்லதா என்று பொதுவாகக் கேட்டால் ஏறக்குறைய எல்லாக் கைகளும் உயரும். திருமணத்துக்கு முன் எல்லோரும் எடுக்க வேண்டுமா என்றால் அப்போதும் பெரும்பாலான கைகள் மேலேதான் இருக்கும். உங்கள் வீட்டில், உங்கள் அக்காவுக்கு, வருகிற ஆவணியில், என்றால் கைகள் மெல்ல இறங்கும். மலைவாழ் மக்களுக்குக் கட்டாயப் பரிசோதனை என்றால் மறுபடியும் உயரும். இந்தக் கடைசி உயர்வுதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. இந்தியாவில் கதிர் அரிவாள் செல் முதன்முதலில் பதிவானது 1952-இல், நம் நீலகிரி மலையின் பழங்குடிகளிடம். 2023-இல் தொடங்கப்பட்ட தேசியத் திட்டம், 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதித்து, 2047-க்குள் அந்த நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அகற்றும் இலக்கைக் கொண்டது. பரிசோதித்தவர்களுக்கு அவரவர் நிலையைக் குறிக்கும் அட்டை தருகிறார்கள். திருமணத்துக்கு முன் ஆலோசனை தரும்போது அது பயன்படும் என்பது எதிர்பார்ப்பு. திட்டத்தின் நோக்கத்தில் எனக்கு ஐயமில்லை. அந்த அட்டையைத் தாங்கள் சட்டைப்பையில் வைத்திருக்க மாட்டோம் என்பவர்கள், மலையில் இருப்பவர் வைத்திருப்பது இயல்பானது என்று நினைப்பதுதான் இடறுகிறது.

‘பத்துப் பொருத்தம் பார்க்கிறோமே, பதினொன்றாவதாக ரத்தப் பொருத்தம் பார்த்தால் என்ன’ என்ற வாசகத்தை நானும் சில ஆண்டுகள் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஓர் ஆண்டு ஒரு மாணவி அதை நிறுத்த வைத்தாள். ஜாதகம் பொருந்தாவிட்டால் பெண்ணுக்குத்தானே குறை சொல்கிறார்கள், இரண்டு பேரும் கடத்தி என்று வந்தாலும் அந்தப் பொண்ணு கடத்தியாம் என்றுதான் ஊரில் பேசுவார்கள், பையனைப் பற்றிப் பேச மாட்டார்கள், அடுத்த மாப்பிள்ளை வருவதற்குள் அந்தப் பேச்சு அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்றாள். நான் பதில் சொல்லத் தடுமாறினேன். அன்று முதல், பரிசோதனை வேண்டாம் என்று சொல்லும் பெண்களை அறியாமையில் இருப்பவர்களாக எண்ணுவதை விட்டுவிட்டேன். கணக்கு அவர்களுக்கு நன்றாகவே தெரிகிறது. கடத்தியாக இருப்பதால் உடலுக்கு ஒன்றுமில்லை என்பதும், ஊர்வாயில் விழுந்தால் என்ன ஆகும் என்பதும் ஒருசேரத் தெரிகிறது. சைப்ரஸ் நாட்டில் 1980-களிலிருந்து தேவாலயத் திருமணத்துக்கு முன் தாலசீமியா பரிசோதனைச் சான்று கேட்கப்படுகிறது. அங்கே இருவரும் கடத்தி என்று தெரிந்த பின்னும் பெரும்பாலானோர் திருமணத்தைக் கைவிடவில்லை, கருவுற்ற பின் சோதித்துக்கொண்டார்கள், நோயோடு பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை மிகவும் குறைந்துபோனது. அங்கே சான்று கேட்கப்படும்போது இருவரும் ஏற்கெனவே ஒருவரையொருவர் தேர்ந்தெடுத்துவிட்டிருப்பார்கள். இங்கே பெண் பார்க்க வருவதற்கு முன்பே தரகர் கையில் எல்லாம் போய்விடும்.

கருவைச் சோதிப்பது பற்றிக் கேட்டால் வகுப்பு ஒரே குரலில் “சட்டப்படி குற்றம்” என்கிறது. அந்தப் பதில் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறிந்து சொல்வது குற்றம் என்ற பலகை ஒவ்வொரு ஸ்கேன் மையத்தின் சுவரிலும் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி நம் மக்கள் அறிந்தது அந்தப் பலகை ஒன்றைத்தான். அதே சட்டம் குரோமோசோம் குறைபாடுகள், ஹீமோகுளோபின் நோய்கள், பிறவி வளர்சிதை மாற்ற நோய்கள் போன்றவற்றைக் கண்டறியக் கருவைச் சோதிப்பதை, பதிவு பெற்ற மையங்களில், குறிப்பிட்ட நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. பெண் சிசுவைக் காப்பதற்காக வைத்த பலகை அந்த வேலையைச் செய்யட்டும். அதற்கு மேல் ஒரு வரி சேர்த்து எழுத இடமில்லாமல் போனதால், இரண்டு கடத்திகள் சேர்ந்த தம்பதியர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவே அஞ்சுகிறார்கள்.

என் கையாலேயே நடந்த ஒரு தவறையும் இங்கே எழுதிவிட வேண்டும். ஏ, பி, ஓ ரத்தவகைப் பாடத்துக்குச் செய்முறையாக, மாணவர்கள் தங்கள் ரத்தவகையோடு பெற்றோருடையதையும் கேட்டு எழுதிவரும்படி சொல்லியிருந்தேன். ஒரு மாணவி தன் தாளைக் கொடுக்காமல் கடைசி வரை உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் போன பின் வந்து காட்டினாள். அப்பா ஏபி, அவள் ஓ. ஏபி வகை அப்பாவுக்கு ஓ வகைக் குழந்தை பிறக்காது என்று அன்று காலை கரும்பலகையில் எழுதியதே நான்தான். 1952-இல் பம்பாயில் கண்டறியப்பட்ட, சோதனையில் ஓ போலவே தெரியும் அரிய ரத்தவகையைப் பற்றியெல்லாம் அவளிடம் ஏதோ உளறினேன்; அவள் அழுகையை அடக்கிக்கொண்டு நின்றாள். இரண்டு நாள் கழித்து, ரத்த தான முகாமில் கொடுத்த அட்டையில் பி என்பது ஏபி என்று எழுதப்பட்டிருந்தது என்பது மறுபரிசோதனையில் தெரிந்தது. அந்த இரண்டு நாட்களையும் அவளுக்குத் திருப்பித் தர என்னால் முடியவில்லை. அதன் பிறகு பெற்றோரின் ரத்தவகையை நான் கேட்பதில்லை; கற்பனைக் குடும்பங்களை வைத்தே நடத்துகிறேன்.

இதைவிடப் பெரிய அளவில், நல்ல நோக்கத்தோடு செய்து, கையைச் சுட்டுக்கொண்ட பல்கலைக்கழகமும் உண்டு. 2010-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம், புதிதாகச் சேரவிருந்த ஏறத்தாழ 5,500 மாணவர்களுக்குக் கன்னத்தின் உட்பகுதியைத் துடைத்து அனுப்பும் பஞ்சுக்குச்சி கொண்ட சிறு பெட்டிகளை அனுப்பியது. விருப்பம் இருந்தால் அனுப்பலாம், கட்டாயம் இல்லை. பாலைச் செரிப்பது, மதுவைச் சிதைப்பது, ஃபோலேட்டைப் பயன்படுத்துவது ஆகியவற்றோடு தொடர்புடைய மூன்று ஜீன்களை மட்டும் பார்த்து, ஒவ்வொருவருக்கும் ரகசிய எண் வழியே முடிவைச் சொல்வது திட்டம். சாதுவான மூன்றைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆனாலும் எதிர்ப்புக் கிளம்பியது. பதினெட்டு வயதில், ஆலோசகர் யாரும் பக்கத்தில் இல்லாமல், பல்கலைக்கழகமே அனுப்பும் பெட்டியை வேண்டாம் என்று சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு இருக்கும் என்று கேட்டார்கள். மது பற்றிய முடிவை மாணவர் எப்படிப் புரிந்துகொள்வார் என்றும் கேட்டார்கள். மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை, தனிநபர் முடிவு தருவதானால் அது உரிமம் பெற்ற ஆய்வகத்தில், மருத்துவர் சொல்லிச் செய்யப்பட வேண்டும் என்றது. கடைசியில் தொகுத்த முடிவுகளை மட்டும் வைத்துப் பாடம் நடத்தினார்கள். இந்தக் கதையைச் சொல்லி, நம் கல்லூரியில் இப்படிப் பெட்டி வந்தால் அனுப்புவீர்களா என்று கேட்டேன். இலவசம் என்றால் அனுப்புவோம் என்றார்கள். வெளிநாட்டில் எச்சிலை வாங்கிப் பரம்பரை சொல்லிவந்த டுவென்டிதிரீ அண்ட் மீ நிறுவனத்திலிருந்து 2023-இல் ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரங்கள் களவு போனதையும், 2025-இல் அது திவால் நடவடிக்கைக்குப் போனதையும் எடுத்துச் சொன்னேன். “ஆதாரையே கொடுத்தாச்சு மேடம், எச்சில்ல என்ன இருக்கு?” என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. எச்சிலில் உன் தம்பியும் இருக்கிறான், உனக்குப் பிறக்கப்போகும் பிள்ளையும் இருக்கிறது என்று நான் சொன்னதை அவன் எந்த அளவுக்கு எடுத்துக்கொண்டான் என்று தெரியவில்லை.

ஜீன் என்றாலே தலையெழுத்து என்று நினைக்கும் பழக்கத்தையும் தொட்டுச் செல்ல வேண்டும். “எங்க பரம்பரையிலேயே சுகர் மேடம்” என்று சொல்லும் மாணவன், அதைச் சொல்லிக்கொண்டே கேண்டீனில் இரண்டாவது ஜிலேபியை எடுப்பான். இதற்கு நான் எடுத்துக்காட்டும் சான்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஐதராபாத்தின் சிசிஎம்பி என்னும் உயிரியல் ஆய்வு நிறுவனத்தாரும் பிறருடன் சேர்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வு, இதயத் தசையின் ஒரு புரதத்துக்கான ஜீனில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன மாற்றம் இந்தியர்களில் ஏறத்தாழ 4 சதவீதத்தினரிடம் இருப்பதையும், அது நடுவயதுக்கு மேல் இதயத் தசை நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுவதையும் காட்டியது. நூறு பேர் இருக்கும் கூடத்தில் நான்கு பேர் என்றதும் எல்லோரும் அக்கம்பக்கம் பார்ப்பார்கள். ஆனால் அந்த மாற்றத்தோடு நோயே வராமல் வாழ்பவர்கள் ஏராளம். இதற்குப் பரிசோதனை எடுக்கலாமா என்று கேட்கும்போதுதான் வகுப்பில் உண்மையான விவாதம் நடக்கிறது, ஏனென்றால் இதில் பாடப்புத்தகத்தில் பார்த்து எழுதும்படியான விடை இல்லை. தெரிந்தால் உப்பைக் குறைப்பேன் என்கிறான் ஒருவன். தெரிந்தால் காப்பீட்டு நிறுவனம் பாலிசி தராது என்கிறாள் இன்னொருத்தி. அவள் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. இதயத் தசை நோய் கொண்ட ஒருவருக்கு, மரபணு நோய் என்று காரணம் காட்டி மருத்துவக் காப்பீடு மறுக்கப்பட்ட வழக்கில், அப்படி ஒட்டுமொத்தமாக விலக்குவது பாகுபாடு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அமெரிக்காவில் 2008-இலேயே இதற்கெனத் தனிச் சட்டம் வந்துவிட்டது. அங்கும்கூட ஆயுள் காப்பீடு அதற்குள் அடங்கவில்லை.

இனி என் கதை. ஒவ்வொரு தேர்விலும் நான் தவறாமல் வைக்கும் கேள்வி ஒன்று உண்டு. காது கேட்கும் பெற்றோருக்கு, ஒடுங்கு ஜீனால் பிறவியிலேயே காது கேளாத மகன் பிறக்கிறான். அடுத்துக் காது கேட்கும் மகள் பிறக்கிறாள். அவள் கடத்தியாக இருக்கும் வாய்ப்பு என்ன? பெரும்பாலோர் பாதி என்று எழுதுவார்கள், ஏனென்றால் புன்னட் கட்டத்தில் நான்கில் இரண்டு கட்டங்கள் கடத்தி. சரியான விடை மூன்றில் இரண்டு. மகளுக்குக் காது கேட்கிறது என்பது ஏற்கெனவே தெரிந்திருப்பதால், நோயுள்ள கட்டத்தை அடித்துவிட்டு, மீதியிருக்கும் மூன்றிலிருந்துதான் எண்ண வேண்டும். அந்தக் கேள்வியில் வரும் மகள் நான்தான்.

என் அம்மா தன் தாய்மாமனைக் கட்டிக்கொண்டவர். தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் இன்றும் உறவுக்குள்தான் நடக்கின்றன. அதில் வியப்பதற்கு ஏதுமில்லை. அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் குழந்தையின் இரு நகல்களும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. தாய்மாமன் திருமணத்தில் எட்டில் ஒன்று. அண்ணன் வயிற்றில் இருந்தபோது கிரகணத்தன்று அம்மா வெளியே போய்விட்டதுதான் காரணம் என்று பாட்டி சொன்னதை நானே நம்பி வளர்ந்தேன். முதுகலையில் காது கேட்பதற்குத் தேவையான கனெக்ஸின் 26 புரதத்தைப் பற்றியும், அந்தப் புரதத்தை அதன் 24-ஆவது இடத்திலேயே அந்தரத்தில் நிறுத்திவிடும் ஜீன் மாற்றம் நம் நாட்டில் அடிக்கடி காணப்படுவதைப் பற்றியும் படித்தபோதுதான், எங்கள் வீட்டுக் கிரகணம் எது என்பது ஓரளவு விளங்கியது.

அண்ணனுக்குப் பெண் பார்த்தபோது, அவரைப் போலவே பிறவியில் காது கேளாத பெண் அமைந்தார். எங்களுக்கு எவ்வகையிலும் உறவில்லாத குடும்பம். இருவருக்கும் பிடித்துவிட்டது. பிள்ளை எப்படிப் பிறக்குமோ என்று இரு வீட்டிலும் கவலைப்பட்டார்கள். அண்ணி பிரசவித்து வீட்டுக்கு வந்த அன்று மாலை, அம்மா அடுக்களையிலிருந்து எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்துவந்து, தொட்டிலுக்குப் பின்னால் குனிந்து நின்று ஒரு தட்டு தட்டினார். குழந்தை இரு கைகளையும் விரித்துத் திடுக்கிட்டு வீறிட்டது. அம்மா தட்டைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதார். கீழே விழுந்த தட்டின் ஓசைக்குக் குழந்தை இன்னொரு முறை வீறிட்டது. அண்ணன் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்து, என்ன நடந்தது என்று கையால் கேட்டார்.

வெள்ளைப் பூப் பூக்கும் இரண்டு இனிப்புப் பட்டாணிச் செடிகளைக் கலந்தபோது ஊதாப் பூ வந்ததையும், இரண்டிலும் பழுதாகியிருந்தது வெவ்வேறு ஜீன் என்பதால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பியதையும் பேட்சனும் புன்னட்டும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விளக்கினார்கள். அடுத்த தலைமுறையில் ஊதாவும் வெள்ளையும் ஒன்பதுக்கு ஏழு என்று வரும் அந்த விகிதத்தை ஆண்டுதோறும் நடத்துகிறேன். எங்கள் வீட்டு ஊதாப் பூவைப் பற்றி வகுப்பில் சொன்னதில்லை. கடந்த ஆண்டு, பரிசோதனை பற்றிய விவாதம் சூடுபிடித்திருந்தபோது ஒரு மாணவன், “நீங்க ஏதாவது டெஸ்ட் எடுத்திருக்கீங்களா மேடம்?” என்று கேட்டான். இல்லை என்றேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை, மணி அடித்துவிட்டது. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று வீடு வரும் வரை யோசித்தேன். நேரமில்லை, அவசியமில்லை, முடிவு தெரிந்து என்ன செய்யப் போகிறோம் என்று, என் மாணவர்கள் துண்டுத்தாள்களில் எழுதிக் கொடுக்கும் காரணங்களே எனக்கும் கிடைத்தன. அம்மா இருக்கும் வரையில் அவர் கல்யாணத்தைப் பற்றி ஒரு தாளில் அச்சடித்துக் கொண்டுவந்து வீட்டில் வைக்க வேண்டாம் என்பது அவற்றுக்கு அடியில் கிடந்தது.

அண்ணன் மகளுக்கு இப்போது இருபது வயது, பி.காம். இறுதியாண்டு. பொங்கலுக்குப் போயிருந்தபோது அம்மா, “வெளிய எதுக்கு அலையணும், உன் பையனுக்கே கேட்டுட்டா போச்சு” என்றார். விளையாட்டுப் போலத்தான் சொன்னார். ஆனால் இரண்டு முறை சொன்னார். என் மகன் அவளுக்கு முறைதான். அவள் சிரித்துவிட்டு, நிஜமாகவே கேட்டால் என்ன ஆகும் அத்தை என்று என்னைக் கேட்டாள். நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். அப்பாவிடம் இருக்கும் இரண்டு நகலும் பழுது என்பதால் அவளுக்கு ஒன்று வந்தே தீர்ந்திருக்கும். ஆகவே அவள் கடத்தி என்பதில் ஐயமே இல்லை. நான் கடத்தியாக இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. அதில் பாதி என் மகனுக்கு, மூன்றில் ஒன்று. இருவரும் கடத்தி என்றால் குழந்தைக்கு நான்கில் ஒன்று. எல்லாவற்றையும் பெருக்கினால் பன்னிரண்டில் ஒன்று. அவள் மரபியல் படித்தவள் இல்லை. தாளை வாங்கி, வரவு செலவுக் கணக்கைச் சரிபார்ப்பதுபோல ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்துப் பார்த்தாள்.

“அப்போ எனக்கு டெஸ்டே வேணாம். எனக்குத்தான் தெரிஞ்சுபோச்சே. நீங்கதான் அத்தை இன்னும் எடுக்காம வெச்சிருக்கீங்க.”

அம்மா உள்ளே சாப்பிடக் கூப்பிட்டார். அவள் எழுந்து போன பின் தாளைப் பார்த்தேன். மூன்றில் இரண்டு என்று நான் எழுதியிருந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டிருந்தாள்.